‘பாத்துக்கோ’ என்று சொன்னால் போதுமா?

ராமமூர்த்தி வருவதற்கு முன்னால் அவருடைய சாவிக்கொத்தின் சத்தம் வந்துவிடும். ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியில் அத்தனை தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடும்போதுகூட, அந்தச் சத்தத்தை மட்டும் பெண்கள் தனியாகப் பிரித்துக் கேட்டுவிடுவார்கள். உடனே பேச்சு நின்றுவிடும்.

அவர் புரொடக்‌ஷன் மேனேஜர். பெல்ட்டில் மாட்டிய இரும்பு வளையத்தில் நூல் அலமாரியின் சாவி, பசை ரூம் சாவி, ஊசி அலமாரியின் சாவி என்று எல்லாமே தொங்கும். முதலுதவிப் பெட்டியின் சாவியும் அதில்தான். தலைவலிக்கு ஒரு மாத்திரை வேண்டுமென்றாலும் அவரைத் தேடிப் போக வேண்டும்.

“சார் வந்து பெட்டியத் தொறக்கறதுக்குள்ள தலவலியே போய்டும். அதுதான் இங்க வைத்தியம்,” என்பார் மெக்கானிக் சர்தார் பாஷா.

அன்று ராமமூர்த்தி தோல் பார்க்க ராணிப்பேட்டைக்குப் போயிருந்தார். சாவிக்கொத்தும் அவர் இடுப்பிலேயே போய்விட்டது. டீ நேரம் முடிந்து எல்லாரும் மெஷினில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், மூன்றாவது லைனில் மஹ்பூபியின் மெஷினில் ஊசி உடைந்தது.

ஷூ கம்பெனியில் ஊசி உடைவது தினமும் நடப்பதுதான். ஆனால் அதற்கு ஒரு விதி இருக்கிறது. உடைந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியும் சேர்ந்துவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு முனை குறைந்தாலும் அந்த மெஷினில் தைத்ததையெல்லாம் ஒதுக்கி வைத்துத் தேட வேண்டும். ஏனென்றால், தோலுக்குள் போய்விட்ட ஊசிமுனை என்றைக்காவது யாரோ ஒருவருடைய காலில்தான் வெளியே வரும். அன்றைக்கு அவர்கள் தைத்துக்கொண்டிருந்ததோ சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகிற கறுப்பு ஷூ.

மஹ்பூபி மெஷினை நிறுத்தினாள். மடியை உதறினாள், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

“மேகலா, இங்க வாம்மா. ரெண்டு துண்டு கெடச்சிடுச்சி. முனை காணோம்.”

மேகலா மூன்றாவது லைனின் சூப்பர்வைசர். மாதனூர் பக்கத்துக் கிராமம். டிகிரி முடித்துவிட்டு இதே லைனில் தையல்காரியாக வேலைக்குச் சேர்ந்தவள். இந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகுதான் ராமமூர்த்தி அவளைக் கூப்பிட்டு, சூப்பர்வைசர்கள் போடுகிற நீலக் கோட்டு ஒன்றைக் கொடுத்தார். “இனிமே மூணாவது லைன் உன்னுது. நல்லா பாத்துக்கோம்மா,” என்றார். அந்தக் கோட்டை அவளுடைய அம்மா தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

கோட்டைப் போட்ட பிறகுதான் மேகலாவுக்கு ஒன்று புரிந்தது. லைன் அவளுடையது. ஆனால் லைனில் இருக்கிற எதுவும் அவளுடையது இல்லை. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் அரைநாள் லீவு கொடுக்க அவளால் முடியாது. நூல் தீர்ந்தால் மாற்ற முடியாது. ஊசியைத் தொடவே முடியாது. சரக்கு நல்லபடியாகப் போனால் யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. ஒரு ஜோடி திரும்பி வந்தால் மட்டும், “உன் லைன் தானம்மா?” என்று கூப்பிடுவார்கள்.

அவள் ராமமூர்த்திக்குப் போன் போட்டாள்.

“சார், மஹ்பூபிக்கா மெஷின்ல ஊசி ஒடஞ்சிடுச்சி. முனை கெடைக்கல. அலமாரி பூட்டியிருக்குது. லைன நிறுத்தி வெச்சித் தேடட்டா?”

“நிறுத்தறதா? இன்னாம்மா பேசற நீ? சாயந்திரம் லாரி நிக்குது. நான் வந்துடறேன்.”

“சாவி உங்ககிட்ட இருக்குது சார்.”

“எங்கிட்டதான் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நீ எதுக்கு அங்க கோட்டு போட்டுக்கினு நிக்கற? எப்டியாச்சும் பாத்துக்கோ.”

போன் கட்டாகிவிட்டது. மஹ்பூபியின் பக்கத்தில் ஷூவின் மேல்தோலான அப்பர்கள் தைக்காமல் குவிய ஆரம்பித்துவிட்டன. அடுத்த மெஷின்காரி கையைக் கட்டிக்கொண்டு மேகலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேகலா மஹ்பூபியிடம் போனாள். “அக்கா, சார் வர லேட்டாவும். லைன் நிக்கக் கூடாதாம். எப்டியாச்சும் பாத்துக்கோங்க.”

மஹ்பூபி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஏப்ரனின் உள்மடிப்பில் குத்தி வைத்திருந்த ஒரு புது ஊசியை எடுத்து மாட்டினாள். அது கம்பெனி ஊசி இல்லை, பஜாரில் சொந்தமாக வாங்கியது. அந்த லைனில் இருந்த எல்லாரிடமும் அப்படி ஒன்றிரண்டு இருந்தன. சாவிக்காகக் காத்திருந்தால் டார்கெட் முடியாது, டார்கெட் முடியாவிட்டால் திட்டு விழும். அதற்குப் பெண்கள் கண்டுபிடித்த வழி அது. மேகலாவும் தையல்காரியாக இருந்தபோது அதைத்தான் செய்தாள். அதனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெஷின் ஓட ஆரம்பித்தது.

சாயந்திரம், தைத்த அப்பர்கள் அடுத்த செக்‌ஷனுக்குப் போவதற்கு முன்னால் மெட்டல் டிடெக்டருக்குள் போயின. அப்பர்களை அடுக்கிய தட்டுகளில் பாதி தாண்டியதும் அது கத்தியது. இன்னொரு முறை விட்டுப் பார்த்தார்கள். இன்னொரு முறையும் கத்தியது.

ராமமூர்த்தி அதற்குள் வந்திருந்தார். அவரே பிளேடை எடுத்து உள்பக்க லைனிங்கைக் கிழித்தார். தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஊசிமுனை நின்றுகொண்டிருந்தது. ஒரு சின்னக் குழந்தையின் குதிகால் படுகிற இடம். அவர் பிளேடைக் கீழே வைத்தார். டிடெக்டர் கத்தியதால் தெரிந்தது. கத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

எல்லாத் தட்டுகளையும் திரும்பப் பிரித்துச் சோதித்துவிட்டு, அவர் மேகலாவைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார்.

“மஹ்பூபிய நாளைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடு.”

“நானா சார்?”

“உன் லைன் தான? சரக்கு வாங்கற பையர் ஆளுங்க வரப்போறாங்க. ஆக்‌ஷன் எடுத்தோம்னு காட்டணும். முனை காணாம வெளி ஊசி போட்டுத் தெச்சிருக்கா, அது சின்னத் தப்பா? உம் மேல ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன். அவள நீ பாத்துக்கோ.”

தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே வந்துவிட்டாள்.

கம்பெனி கேட்டுக்கு வெளியே, பஸ்கள் நிற்கிற இடத்தில், மஹ்பூபி புர்காவைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவளுடைய வீடு ஆம்பூரிலேயே இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். மேகலாவுக்காகத்தான் நின்றிருந்தாள்.

“இன்னா சொன்னாரு? வர வேணாம்னாரா?”

மேகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நெனச்சேன். எத்தினி வருஷமா அந்த ஒம்பதாம் நம்பர் மெஷின்ல உக்காந்திருக்கறேன். ஊசி கேஸுன்னு வெளிய அனுப்புனா இந்தப் பக்கம் ஒரு கம்பெனியும் சேத்துக்காது. வாணியம்பாடிக்குப் போனாலும், பேர்ணாம்பட்டுக்குப் போனாலும், நான் போறதுக்கு முன்னாடி சேதி போய்டும். எங்க வீட்ல வேலைக்கிப் போறது நான் ஒருத்திதான், தெரியுமில்ல?”

“தெரியும்க்கா. அவரு பண்ணது தப்பு. சாவிய எடுத்துக்கினு போய்ட்டு, பாத்துக்கோன்னு சொன்னா இன்னா அர்த்தம்?”

“அவரு உங்கிட்ட இன்னா சொன்னாரு?”

“எப்டியாச்சும் பாத்துக்கோன்னாரு.”

“நீ எங்கிட்ட இன்னா சொன்ன?”

மேகலா அவளைப் பார்த்தாள்.

“அதே வார்த்த,” என்றாள் மஹ்பூபி. “ஒரு எழுத்து கொறையல. மரியாதைக்கி ஒரு ‘ங்க’ மட்டும் சேத்துக்கின. உனக்குக் கீழ நான் இருந்தேன், எங்கிட்ட சொல்லிட்ட. எனக்குக் கீழ யாரு இருக்கா? நான் அந்த ஊசிகிட்டதான் சொல்லணும், பாத்துக்கோன்னு.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மேகலாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். ஜன்னலிலிருந்து யாரோ, “மேகலா, வரியா இல்லியாடி?” என்று கத்தினார்கள்.

மேகலா பஸ்ஸில் ஏறக் காலை வைத்தவள் திரும்பினாள். “அக்கா, நாளைக்கு எப்பவும் போல வாங்க. உள்ள உட மாட்டேன்னா நானும் உங்ககூட வெளியவே நிக்கறேன்.”

“உனக்கு எதுக்கும்மா இந்த பேஜாரு?”

“இது எம் பேஜாருதான்க்கா. நான்தான் உங்ககிட்ட தள்ளிட்டேன்.”

பஸ் நெடுஞ்சாலையில் போகும்போது, கோட்டு போய்விடும், ஒருவேளை வேலையும் போய்விடும், அம்மா தெருவில் என்ன சொல்வாள் என்றெல்லாம் யோசித்தாள். பயம் போகவில்லை. பயத்தோடுதான் அவள் முடிவு செய்தாள்.

மறுநாள் காலை மஹ்பூபி வந்து ஒன்பதாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்தாள். மேகலா யாருக்கும் எதுவும் சொல்லாததால் கேட்டில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. மணி அடித்தது. மற்ற லைன்கள் எல்லாம் ஓட ஆரம்பித்தன. மேகலா மூன்றாவது லைனின் முகப்பில், லைனை நிறுத்துவதற்காக இருந்த சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு, கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து லைன் பெண்கள் தைத்துக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தார்கள். சாவிச் சத்தம் வேகமாக வந்தது.

“இன்னா நடக்குது இங்க? ஏன் ஓடல?”

“நான்தான் நிறுத்தினேன் சார்.”

“யாரக் கேட்டு?”

“மூணாவது லைன் உன்னுதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். ராமமூர்த்தியின் கண் மஹ்பூபியின்மேல் விழுந்தது.

“இவ எப்டி உள்ள வந்தா? நான் உங்கிட்ட இன்னா சொன்னேன்?”

“பாத்துக்கோன்னீங்க. நல்லா பாத்துட்டேன் சார். அக்கா பண்ணது தப்புதான். ஆனா அது அக்கா மட்டும் பண்ண தப்பு இல்ல. அதுல எனக்கும் பங்கு இருக்குது, உங்களுக்கும் இருக்குது. அவங்கள அனுப்பறதுன்னா மூணு பேரும் போலாம்.”

“வாய் ஜாஸ்தியாயிடுச்சி உனக்கு. கோட்ட கழட்டிட்டு மெஷின்ல போய் உக்காரு.”

மேகலா கோட்டைக் கழற்றினாள். மடித்து மேஜையின்மேல் வைத்தாள்.

“உக்காந்துக்கறேன் சார். தைக்கறது எனக்கு மறக்கல. இப்போ என் மெஷின்ல ஊசி ஒடையுது, நீங்க ராணிப்பேட்டையில இருக்கறீங்க. நான் இன்னா பண்ணணும்? அத சொல்லிட்டுப் போங்க.”

கருவியோடு அந்தப் பக்கம் வந்த சர்தார் பாஷா நின்றார்.

“நான் ஒண்ணு கேக்கலாமா சார்? மெஷின் நின்னா நான் பாக்கறேன். எப்டிப் பாக்கறேன்? ஸ்பேனர் எங்கிட்ட இருக்குது. ஸ்பேனர நீங்க இடுப்புல மாட்டிக்கினு, பாத்துக்கோ பாய்னு போய்ட்டீங்கன்னா, நான் பல்லாலயா நட்டு கழட்டுவேன்?”

இப்போது யாரும் சிரிப்பை அடக்கவில்லை. ராமமூர்த்தி சுற்றிப் பார்த்தார். பக்கத்து லைன் பெண்களும் மெஷினிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. மத்தியானச் சாப்பாட்டை உட்கார்ந்து முழுசாக முடித்து அவருக்கு ரொம்ப நாளாகிறது. பாதிச் சாப்பாட்டில் யாராவது சாவிக்கு வந்து நிற்பார்கள், அவர் சோற்றுக் கையோடு எழுந்து போவார். எல்லா வேலையையும் தானே செய்தால்தான் சரியாக நடக்கும் என்று நினைத்தார். செய்ய முடியாமல் போன வேலையை மட்டும் வார்த்தையால் மற்றவர்கள்மேல் போட்டுவிட்டு நகர்ந்தார்.

“சாவி கைமாறுனா ஊசிக்கு யாரு பதில் சொல்றது?” என்றார் மெதுவாக. “ஒண்ணு கம்மியாச்சின்னா என்னத்தான் கேப்பாங்க. மேல இருக்கறவங்க எங்கிட்ட இன்னா சொல்றாங்கன்னு நெனச்ச? அவங்களும் இததான் சொல்றாங்க. பாத்துக்கோங்க மூர்த்தின்னுட்டு கார்ல ஏறிப் போய்டறாங்க.”

“அப்போ உங்களுக்கும் எங்க கதிதான் சார்,” என்றாள் மேகலா. “மேலேர்ந்து உங்ககிட்ட வந்துது. நீங்க எங்கிட்ட தள்ளினீங்க. நான் அக்காகிட்ட தள்ளினேன். அது அதோட நின்னுடுச்சா? ஏழு வயசுக் கொழந்த காலு வெக்கிற எடத்துல போய் நின்னுது. அந்தக் கொழந்தைக்கிக் கீழ தள்றதுக்கு யாரும் இல்ல சார்.”

ராமமூர்த்தி நேற்றுப் பிளேடு பிடித்த தன் கையைப் பார்த்தார். பிறகு பெல்ட்டிலிருந்து வளையத்தைக் கழற்றி, ஊசி அலமாரியின் சாவியைப் பிரிக்கப் பார்த்தார். வருஷக்கணக்கில் இறுகிப்போன வளையம், விரலுக்கு விரியவில்லை. சர்தார் பாஷா தன் குறட்டால் வளையத்தை நெளித்துச் சாவியை விடுவித்துக் கொடுத்தார். ராமமூர்த்தி அதை, மேஜைமேல் இருந்த கோட்டோடு சேர்த்து, மேகலாவிடம் நீட்டினார்.

மேகலா வாங்கி, சாவியை நேராக மஹ்பூபியின் கையில் வைத்தாள்.

“ஏம்மா,” என்றார் ராமமூர்த்தி, “வெளி ஊசிய ஒளிச்சி வெச்சிருந்தவகிட்டயேவா?”

“சாவி இல்லாததாலதான் சார் ஒளிச்சி வெச்சாங்க.”

மஹ்பூபி சாவியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். “எனக்கு வேணாம்மா. அப்பறம் நீயும் பாத்துக்கோன்னுட்டுப் போய்டுவ.”

“போவ மாட்டேன்க்கா. இன்னா வேலைன்னு சொல்றேன், கேளுங்க. ஒடஞ்ச ஊசி முழுசா வந்தா, யாரையும் கேக்காம புது ஊசி குடுங்க. முனை கெடைக்கலன்னா, இந்தச் சிவப்புப் பட்டன நீங்களே அழுத்துங்க. எங்கிட்ட பர்மிஷன் கேக்க வேணாம், அழுத்திட்டுக் கூப்பிடுங்க, நான் வந்து கூடத் தேடறேன். டார்கெட் போச்சின்னா அது என் கணக்கு. சார் திட்டுனா என்னத்தான் திட்டணும், உங்கள இல்ல. இதுல எது முடியாது, சொல்லுங்க.”

மஹ்பூபி கொஞ்சம் யோசித்தாள். “மத்தியானம் நமாஸுக்குப் போற நேரத்துல சாவி யாருகிட்ட இருக்கணும்?”

“நான் வாங்கிக்கறேன்.”

“அப்போ சரி. மொதல்ல எல்லாரும் வெளி ஊசிய எடுத்து இங்க போடுங்கடி. அத வெச்சிக்கினு நான் சாவி வெச்சி இன்னா பண்றது?”

சர்தார் பாஷா தன் டிபன் பாக்ஸ் மூடியை நீட்டினார். ஏப்ரன் மடிப்பு, பர்ஸ், தலைக்கொண்டை என்று எங்கெங்கிருந்தோ ஊசிகள் வந்து விழுந்தன. ராமமூர்த்தி அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளாக அவர் அலமாரியைத்தான் பூட்டி வைத்திருந்தார், ஊசிகளை இல்லை.

“பையர் ஆளுங்ககிட்ட நான் இன்னா சொல்றது?” என்றார் கடைசியில். இந்தத் தடவை அது அதட்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

“நடந்தத சொல்லுங்க சார். நாங்களும் கூட வர்றோம். மேல இருக்கறவங்ககிட்டயும் போய்க் கேளுங்க, எனக்கு வேலைய மட்டும் குடுத்தா போதாது, முடிவு எடுக்கற அதிகாரமும் குடுங்கன்னு. நீங்க கேட்டாதான் எங்களுக்கும் வரும்.”

“மறுபடியும் தப்பு வந்தா?”

“வரும் சார், மனுஷங்கதான வேலை செய்யறோம்? இந்த லைன்ல வந்தா நான் பதில் சொல்றேன். எனக்காக மேல நீங்க பதில் சொல்லுங்க.” மேகலா சிவப்புப் பட்டனை விடுவித்தாள். “வேலையக் கீழ இருக்கறவங்ககிட்ட குடுக்கலாம் சார். அதுக்கு வேண்டிய சாவியையும் சேத்துக் குடுக்கணும். பழிய மட்டும் கீழ குடுக்கவே கூடாது.”